பொய்ப்பல் பசை நல்லதா, கெட்டதா? ஈறை வளர்த்துச் சோதிக்கிறார்கள்!

பொய்ப்பல் கட்டியவர்களுக்கு ஒரு பயம் உண்டு.

பேசும்போது பல் நழுவிவிடுமோ? சிரிக்கும்போது கீழே விழுந்துவிடுமோ? பந்தியில் உட்கார்ந்து அப்பளத்தைக் கடிக்கும்போது “கடக்” என்று சத்தம் வந்துவிடுமோ?

இந்தப் பயத்தைப் போக்க ஒரு பசை விற்கிறது. மருந்துக் கடைகளில் டியூபில் கிடைக்கும். தூளாகவும் கிடைக்கும். பல் செட்டின் உள்பக்கத்தில் தடவி, வாயில் வைத்து அழுத்தினால், செட் ஈறோடு ஒட்டிக்கொள்ளும்.

பகல் முழுவதும் அந்தப் பசை வாய்க்குள்ளேயே இருக்கிறது. ஈறைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கரைந்தது எச்சிலோடு கலந்து வயிற்றுக்குள் போகிறது.

அது ஈறுக்கு நல்லதா? உடம்புக்கு நல்லதா?

இதைக் கண்டுபிடிக்க, மனிதனுடைய ஈறையே தட்டில் வைத்து வளர்க்கிறார்கள் விஞ்ஞானிகள்! அந்த ஈறின் மேல் பசையின் சாற்றை ஊற்றிச் சோதிக்கிறார்கள்.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது? அது சொல்வது என்ன? அதற்குத் தெரியாமல் போனது என்ன? பல் கட்டியவர்கள் மட்டும் அல்ல, அவர்களுடைய பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

செட் ஏன் ஆடுகிறது?

பல் செட் கட்டிய புதிதில் கச்சிதமாக இருக்கும். சில வருடங்கள் போனால் ஆட ஆரம்பிக்கும்.

“பல் செட் தேய்ந்துவிட்டது” என்று பலர் நினைக்கிறார்கள். தேய்வது செட் அல்ல, தாடை!

பல் இருக்கும் வரையில், அதைத் தாங்கிப் பிடிப்பதற்குத் தாடை எலும்பு மேடாக இருக்கும். பல் போய்விட்டால் அந்த மேட்டுக்கு வேலை இல்லை. அது வருடத்துக்கு வருடம் கரைந்து தணிகிறது. கீழ்த் தாடையில் இது அதிகம். மேடு தணியத் தணிய, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் செட்டுக்குப் பிடிப்பு இல்லாமல் போகிறது.

எச்சிலும் ஒரு பிடிப்புத்தான். ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் எளிதில் பிரிக்க முடியாது அல்லவா? மேல் செட் அப்படித்தான் ஒட்டி நிற்கிறது. வயதான காலத்தில் எச்சில் சுரப்பது குறைந்தால் அந்தப் பிடிப்பும் தளர்ந்துவிடும்.

ஜனாதிபதியின் பல்

இந்தத் தொல்லை இன்று நேற்று வந்தது அல்ல.

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன். 1789-ம் ஆண்டில் அவர் பதவி ஏற்றபோது, அவருடைய வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது!

மற்றவை எல்லாம் கட்டிய பற்கள். தந்தத்தாலும், மனிதப் பல்லாலும், உலோகத்தாலும் செய்தவை. மேல் செட்டையும் கீழ் செட்டையும் ஸ்பிரிங் போட்டு இணைத்திருந்தார்கள். அந்த ஸ்பிரிங், மேல் செட்டை மேலே தள்ளும். கீழ் செட்டைக் கீழே அழுத்தும். வாயை மூடி வைத்திருப்பதே அவருக்குப் பெரும் பாடு!

பிறகு ஸ்பிரிங் போயிற்று, பசை வந்தது.

பழைய பசைத் தூள்களில் மரப் பிசின்கள் இருந்தன. அவற்றில் ஒன்று கராயா பிசின். அது இந்தியக் காடுகளில் உள்ள ஒரு மரத்தில் வடிவது. தண்ணீர் பட்டால் ஊதிப் பெருகி, கொழகொழ என்று ஆகும். ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. அது புளிப்புத் தன்மை உள்ளது. சிலருக்கு ஒவ்வாமையும் உண்டாக்கியது.

இப்பொழுது வரும் பசைகளில் பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்த பொருள்களே சேருகின்றன. மர நாரிலிருந்து செய்யும் ஒரு வகைச் செல்லுலோஸ், நீர் பட்டால் சட்டென்று ஊதி ஒட்டும். இன்னொரு வகைப் பொருள் மெல்ல ஊதி, பல மணி நேரம் பிடித்து வைத்திருக்கும். இவை தவிர வாசலைன், எண்ணெய், நிறம், மணம், கெடாமல் இருக்க மருந்து ஆகியவையும் உண்டு.

ஒட்ட வைப்பது ஒரு பொருள். கூடவே வருவது பல பொருள்கள். அதனால்தான் சோதனை அவசியமாகிறது.

ஈறு வளர்கிறது!

நம் உடம்பு கோடானு கோடி உயிர் அணுக்களால் ஆனது. சுவருக்குச் செங்கல் எப்படியோ, உடம்புக்கு உயிர் அணு அப்படி. ஈறும் உயிர் அணுக்களால் ஆனதுதான்.

டாக்டர் ஒருவருக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிறார். அப்போது ஈறில் ஒரு சிறு துணுக்கும் வந்துவிடுகிறது. வழக்கமாக அது குப்பைக்குப் போகும். நோயாளி சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால், அது ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போகும்.

அங்கே அந்தத் துணுக்கைக் கிருமி போகக் கழுவுகிறார்கள். பொடிப் பொடியாக நறுக்குகிறார்கள். கண்ணாடி போல் தெளிவான தட்டில் வைத்து, மேலே சத்து நீரை ஊற்றுகிறார்கள்.

அந்த நீரில் உப்பு, சர்க்கரை, வைட்டமின் எல்லாம் இருக்கும். பசுவின் வயிற்றில் உள்ள கன்றின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரும் சேர்ந்திருக்கும். கிருமி அண்டாமல் இருக்கப் பென்சிலினும் ஸ்டிரெப்டோமைசினும் கலப்பார்கள்.

பிறகு தட்டை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடுகிறார்கள். அதற்குள் 37 டிகிரி சென்டிகிரேடு சூடு. அதுதான் நம் உடம்பின் சூடு. காற்றில் நூற்றுக்கு 5 பங்கு கரியமில வாயு.

சில நாட்கள் போனதும் பூதக் கண்ணாடியில் பார்த்தால் அதிசயம் தெரியும். ஈறுத் துணுக்கின் ஓரத்திலிருந்து உயிர் அணுக்கள் ஒவ்வொன்றாக வெளியே ஊர்ந்து வரும்! தறி நாடா போல நீண்டு, இரண்டு முனையும் கூர்மையாக இருக்கும். ஒன்று இரண்டாகும். இரண்டு நான்காகும். தட்டு நிறைந்துவிடும்.

நிறைந்ததும் ஒரு ஜீரண நீரைச் சிறிது ஊற்றினால், தட்டில் ஒட்டியிருக்கும் அணுக்கள் பிடி விடும். அவற்றைப் பல தட்டுகளுக்குப் பங்கு பிரித்து, மீண்டும் வளர்ப்பார்கள்.

இப்படியே என்றைக்கும் வளர்த்துக்கொண்டு போக முடியுமா? முடியாது. சாதாரண மனித உயிர் அணு சுமார் 50 தடவை இரட்டித்த பிறகு நின்றுவிடும் என்று 1961-ம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி லெனார்டு ஹேபிளிக் கண்டுபிடித்தார். அணுவுக்கும் முதுமை உண்டு! அதனால் ஆராய்ச்சிக்கு இளம் தலைமுறை அணுக்களையே எடுக்கிறார்கள்.

கேட்காமல் எடுத்தார்கள்

ஆனால் முதுமை இல்லாத அணுக்களும் உண்டு.

1951-ம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற நீக்ரோ இனப் பெண்மணி என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதக்கூடிய ஒரு கறுப்பினத் தாய், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஐந்து குழந்தைகளின் தாய். வயது 30. கருப்பை வாயில் புற்றுநோய். அவருடைய கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த ஆண்டு அக்டோபரில் அவர் இறந்துவிட்டார். அவருடைய அணுக்கள் இறக்கவில்லை! உலகம் எங்கும் ஆராய்ச்சிக் கூடங்களில் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவருடைய குடும்பத்துக்குப் பல ஆண்டுகள் வரை இது தெரியாது.

ஈறுத் துணுக்கு சிறியதுதான். குப்பைக்குப் போவதுதான். ஆனாலும் கையெழுத்து வாங்குகிறார்களே, அது ஏன் என்பது இப்போது விளங்கும்.

எலியின் அணுக்களும் சோதனைக்கு உதவுகின்றன. 1940-ம் ஆண்டில் ஒரு சுண்டெலியிலிருந்து எடுத்த அணுக்களின் வாரிசுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவற்றைக் கொண்டுதான் மருத்துவப் பொருள்கள் பலவற்றைச் சோதிக்கிறார்கள். ஆனால், பசை படப்போவது எலியின் மேல் அல்ல. மனிதனின் ஈறின் மேல்! அதனால் மனித ஈறையே வளர்த்துச் சோதிப்பதில் அர்த்தம் உண்டு.

பணியாரச் சட்டி

இனிமேல்தான் சோதனை.

பசையை நேராக அணுக்களின் மேல் அப்பினால், அவை மூச்சு முட்டி இறந்துவிடும். அது நியாயமான சோதனை ஆகாது. அதனால் காப்பித் தூளிலிருந்து டிகாஷன் இறக்குவது போல, பசையிலிருந்து சாறு இறக்குகிறார்கள்.

அளந்த பசையை அளந்த சத்து நீரில் போட்டு, உடம்புச் சூட்டில் ஒரு நாள் ஊற வைக்கிறார்கள். பசையிலிருந்து என்னென்ன கரையுமோ அவை எல்லாம் நீரில் இறங்கிவிடும். அதை வடிகட்டுகிறார்கள். ஒரு பங்கு கெட்டிச் சாறாகவே இருக்கும். இன்னொரு பங்கைப் பாதிக்குப் பாதி நீர்க்க வைப்பார்கள். மற்றொன்றைக் கால் பங்காக நீர்க்க வைப்பார்கள்.

அணுக்களைப் போட்டு வைக்க ஒரு தட்டு உண்டு. பார்ப்பதற்குச் சின்னப் பணியாரச் சட்டி போல இருக்கும். 8 வரிசை, வரிசைக்கு 12 குழி. மொத்தம் 96 குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஆயிரக்கணக்கான ஈறு அணுக்கள்.

சில குழிகளில் கெட்டிச் சாறு. சிலவற்றில் நீர்த்த சாறு. சில குழிகளில் பசைச் சாறே கிடையாது. வெறும் சத்து நீர்தான். இன்னும் சிலவற்றில் தெரிந்தே விஷத்தை ஊற்றுவார்கள்.

விஷம் எதற்கு? விஷம் ஊற்றிய குழியில் அணுக்கள் சாகவில்லை என்றால், சோதனையிலேயே கோளாறு என்று அர்த்தம். சத்து நீர் ஊற்றிய குழியில் அணுக்கள் செத்தாலும் கோளாறுதான். இரண்டும் சரியாக இருந்தால்தான் நடுவில் உள்ள பசைக் குழிகளின் சாட்சியத்தை நம்பலாம்.

பிறகு ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் என்று காத்திருக்கிறார்கள்.

மஞ்சள் ஊதா ஆனால்...

கண்ணுக்குத் தெரியாத அணு செத்ததா, பிழைத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்கு ஒரு மஞ்சள் மருந்து இருக்கிறது. 1983-ம் ஆண்டில் டிம் மாஸ்மன் என்ற விஞ்ஞானி இந்த முறையை வெளியிட்டார். குழிகளில் மஞ்சள் மருந்தை ஊற்றிச் சில மணி நேரம் விட்டுவிட வேண்டும். உயிரோடு இருக்கும் அணு அந்த மஞ்சளை ஊதா நிறமாக மாற்றிவிடும். செத்த அணுவால் மாற்ற முடியாது.

எனவே குழி கத்தரிப்பூ நிறமாக ஆனால், அணுக்கள் சுகம்! மஞ்சளாகவே இருந்தால், ஆபத்து!

நிறம் எவ்வளவு அடர்த்தி என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை. ஒரு கருவி ஒவ்வொரு குழியிலும் ஒளியைப் பாய்ச்சி அளக்கிறது. சத்து நீர் மட்டும் ஊற்றிய குழிக்கு 100 மார்க். அதோடு ஒப்பிட்டு மற்றக் குழிகளுக்கு மார்க் போடுகிறார்கள்.

உலக நாடுகள் ஒப்புக்கொண்ட தர நிர்ணய விதி ஒன்று இருக்கிறது. 2009-ம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட அந்த விதியின்படி, மார்க் 70-க்குக் கீழே போனால் அந்தச் சாறு அணுக்களைக் கெடுக்கிறது என்று எழுதிவிட வேண்டும்.

கோடு கிழித்துப் பார்ப்பார்கள்

உயிரோடு இருந்தால் மட்டும் போதுமா? வேலை செய்ய வேண்டாமா?

செட் உராய்ந்து ஈறில் புண் வருவது சகஜம். அந்தப் புண்ணை ஆற்றுவது ஈறு அணுக்களின் வேலை. பசை அந்த வேலையைத் தடுக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்.

தட்டு நிறைய அணுக்களை வளர்த்து, நடுவில் ஒரு கோடு கிழிப்பார்கள். கோடு விழுந்த இடத்தில் அணுக்கள் இருக்காது. அது ஒரு குட்டிக் காயம்! இரண்டு பக்கத்து அணுக்களும் நகர்ந்து வந்து அந்த இடைவெளியை மூடுகின்றனவா, எத்தனை மணி நேரத்தில் மூடுகின்றன என்று படம் பிடிக்கிறார்கள். பசைச் சாறு பட்ட அணுக்கள் சோம்பி நின்றுவிட்டால் அது நல்ல அடையாளம் அல்ல.

அணுக்களை மட்டும் பார்த்தால் போதாது. பசையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பசை அணுக்களைக் கெடுக்கிறதா, அதில் கிருமிகள் உண்டா, பார்மால்டிஹைடு என்ற காரமான பொருள் உண்டா என்று மூன்றையும் சேர்த்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1993-ம் ஆண்டில் பல் மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது.

தட்டு வேறு, வாய் வேறு

தட்டில் 70 மார்க் வாங்காத பசை எல்லாம் விஷமா? அப்படிச் சொல்லிவிட முடியாது.

வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. அது பசையைக் கழுவிக்கொண்டே இருக்கும். தட்டில் எச்சில் இல்லை. அங்கே அணுக்கள் இரவு பகலாகச் சாற்றிலேயே மூழ்கிக் கிடக்கின்றன.

வாயில் ஈறின் மேல் ஒரு தோல் போர்வை இருக்கிறது. தட்டில் வளர்ப்பது பெரும்பாலும் அந்தப் போர்வைக்கு அடியில் இருக்கும் அணுக்கள். போர்வை இல்லாமல் நேராகச் சாற்றில் நிற்கின்றன.

ஆகவே தட்டில் தோற்ற பசை, வாயிலும் தோற்றே தீரும் என்பது இல்லை. “இதைக் கவனித்துப் பார்” என்று தட்டு கை காட்டுகிறது. அவ்வளவுதான்.

அப்படியானால், தட்டில் ஜெயித்த பசையை எவ்வளவு வேண்டுமானாலும் பூசலாமா?

கூடாது! அதற்கு டாலஸ் நகரத்தில் நடந்ததே சாட்சி.

நான்கு நோயாளிகள்

டாலஸ், அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள பெரிய நகரம். அங்குள்ள நரம்பு டாக்டர்கள் விசித்திரமான நோயாளிகளைப் பற்றி 2008-ம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்.

நோயாளிகள் 4 பேர். நான்கு பேருக்கும் நரம்புக் கோளாறு. இரத்தத்தைச் சோதித்தால், உடம்புக்கு மிகவும் வேண்டிய செம்புச் சத்து குறைந்திருந்தது. துத்தநாகம் கூடியிருந்தது.

துத்தநாகம் எங்கிருந்து வந்தது? அவர்கள் சாப்பிடும் சாப்பாட்டிலா? மருந்திலா? ஒன்றும் பிடிபடவில்லை.

கடைசியில் ஓர் ஒற்றுமை தெரிந்தது. நான்கு பேரும் பொய்ப்பல் கட்டியவர்கள். நான்கு பேரும் பல் பசையை ஏராளமாகப் பூசி வந்தவர்கள். வாரத்துக்கு இரண்டு டியூப், அதற்கு மேலும் தீர்த்தவர்கள்!

டாக்டர்கள் பசை டியூப்களை வாங்கிச் சோதித்தார்கள். ஒரு கிராம் பசையில் 17 முதல் 34 மில்லிகிராம் வரை துத்தநாகம் இருந்தது. பிடிப்பு அதிகமாக இருப்பதற்காகச் சேர்த்தது.

கணக்குப் போடுங்கள்

ஒரு டியூப் 68 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 2 டியூப் என்றால் 136 கிராம். கிராமுக்கு 17 மில்லிகிராம் என்று குறைத்தே கணக்கிட்டாலும், வாரத்துக்கு 2,312 மில்லிகிராம் துத்தநாகம். ஒரு நாளைக்கு 330 மில்லிகிராம்!

ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு துத்தநாகம் தேவை? ஆணுக்கு 11 மில்லிகிராம். பெண்ணுக்கு 8 மில்லிகிராம். நாள்தோறும் 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்காவில் வகுத்த வரம்பு.

வரம்பு 40. வாய்க்குள் போனது 330. எட்டு மடங்கு!

துத்தநாகம் வேண்டாத பொருள் அல்ல. உடம்புக்கு அது அவசியம். ஆனால் அளவு மீறும்போது அது வேறு ஒன்றைத் திருடிவிடுகிறது.

செம்பு எங்கே போயிற்று?

துத்தநாகம் அதிகமாக வந்தால், குடலின் உள் சுவரில் உள்ள அணுக்கள் ஒரு வகைப் புரதத்தை அதிகம் உண்டாக்கும். உலோகத்தைப் பிடித்து வைப்பது அந்தப் புரதத்தின் தொழில். துத்தநாகத்தைவிடச் செம்பையே அது இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

சாப்பாட்டில் வரும் செம்பு, இரத்தத்துக்குப் போகாமல் குடல் சுவரிலேயே சிறைப்பட்டுவிடும். குடல் சுவரின் அணுக்கள் சில நாட்களுக்கு ஒரு முறை உதிரக் கூடியவை. அவை உதிரும்போது செம்பும் மலத்தோடு வெளியேறிவிடும்.

செம்பு இல்லாவிட்டால் இரத்தம் சோகை பிடிக்கும். முதுகுத் தண்டில் ஓடும் நரம்புகள் கெடும். பாதம் மரத்துப்போகும். நடை தள்ளாடும்.

டாலஸ் டாக்டர்கள் நோயாளிகளுக்குச் செம்புச் சத்தைக் கொடுத்தார்கள். பசையை நிறுத்திய இருவருக்கு நரம்புக் கோளாறு ஓரளவு குறைந்தது. ஓரளவுதான்! கெட்ட நரம்பு முழுவதும் பழையபடி திரும்புவது கடினம்.

ஈறு அணுக்களை வளர்க்கும் தட்டில் குடல் இல்லை. இரத்தம் இல்லை. முதுகுத் தண்டு இல்லை. ஐந்து வருடம், பத்து வருடம் என்ற காலமும் இல்லை. மூன்று நாளில் முடிந்துவிடும் சோதனை அது. “இந்தப் பசை பட்டால் ஈறு அணு சாகுமா?” என்ற கேள்விக்குத்தான் அது பதில் சொல்லும். “இதை வாரத்துக்கு இரண்டு டியூப் வீதம் வருடக் கணக்கில் விழுங்கினால் என்ன ஆகும்?” என்ற கேள்வியை யாரும் அந்தத் தட்டிடம் கேட்க முடியாது.

பசையின் குணத்தைத் தட்டு சொல்லும். பசையின் அளவைக் கவனிக்க வேண்டியவர்கள், அதைப் பூசுகிறவர்களும் அவர்கள் வீட்டாரும்தான்.

பிறகு என்ன நடந்தது?

2010-ம் ஆண்டில், பல் பசை செய்யும் ஒரு பெரிய கம்பெனி துத்தநாகம் சேர்த்த பசைகளை இனிச் செய்வதில்லை என்று அறிவித்தது.

2011-ம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பசை தயாரிப்பவர்களுக்குக் கடிதம் எழுதியது. துத்தநாகம் சேர்த்திருந்தால் அதை மேல் உறையில் சொல்லுங்கள். முடிந்தால் அதற்குப் பதிலாக ஆபத்துக் குறைந்த வேறு பொருளைச் சேருங்கள் என்று யோசனை கூறியது.

அதே ஆண்டில் அமெரிக்கப் பல் மருத்துவ நிபுணர்கள், பொய்ப்பல் பராமரிப்புக்கான வழிமுறைகளை வெளியிட்டார்கள். துத்தநாகம் உள்ள பசையைத் தவிர்க்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

எவ்வளவு பூசலாம்?

அந்த நிபுணர்கள் சொல்லும் அளவு எளிது. ஒரு செட்டுக்குப் பட்டாணி அளவில் மூன்று அல்லது நான்கு பொட்டு. அவ்வளவே!

செட்டைக் கழுவிச் சுத்தம் செய்த பிறகு பொட்டு வையுங்கள். ஓரத்தை ஒட்டி வைக்காதீர்கள். வாயில் பொருத்திச் சற்று நேரம் அழுத்திக் கடியுங்கள். பசை வெளியே பிதுங்கி வந்தால், அதிகம் வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மறு நாள் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் செட்டைக் கழற்றிவிட வேண்டும். செட்டில் உள்ள பசையையும், ஈறில் உள்ள பசையையும் மிச்சம் இல்லாமல் துடைக்க வேண்டும். ஈறுக்கு இரவில்தான் ஓய்வு. செட்டைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். கொதிக்கும் நீரில் போடாதீர்கள், வடிவம் கெட்டுவிடும்.

ஈறு சிவந்தாலோ, எரிந்தாலோ, புண் வந்தாலோ பசையை நிறுத்திவிட்டுப் பல் டாக்டரைப் பாருங்கள். பாதம் மரத்துப்போனாலோ, நடை தள்ளாடினாலோ டாக்டரிடம் போவீர்கள் அல்லவா? அப்போது, “பல் செட்டுக்குப் பசை பூசுகிறேன்” என்பதையும் சொல்லுங்கள். காலில் உள்ள கோளாறுக்கும் வாயில் உள்ள பசைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: பசை, ஆடுகிற செட்டுக்கு வைத்தியம் அல்ல. தாடை மேடு தணிந்துவிட்டால், பல் டாக்டர் மறுபடி அச்சு எடுத்துச் செட்டின் உள்பக்கத்தைச் சரி செய்து தருவார். அல்லது புதிய செட் கட்டுவார். அதைச் செய்யாமல் பசையைக் கூட்டிக்கொண்டே போவது, ஒழுகும் ஓட்டைப் பிரித்து மேயாமல் பாத்திரத்தை மாற்றி மாற்றி வைப்பதற்குச் சமம்.

செட் ஆடுவதை வயதானவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். பல் டாக்டருக்குச் செலவு வைப்பானேன் என்று நினைப்பார்கள். பசையை மட்டும் கூட்டிக்கொள்வார்கள். அதைக் கண்டுபிடிக்க வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு வழி இருக்கிறது.

மேலும் கீழும் செட் கட்டியவருக்கு 68 கிராம் டியூப் ஒன்று, ஏழு அல்லது எட்டு வாரம் வர வேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லும் கணக்கு. தாத்தாவோ பாட்டியோ புது டியூப் திறக்கும் அன்று, அதன் மேல் தேதியை எழுதி வையுங்கள். உறையில் துத்தநாகம் என்று போட்டிருக்கிறதா என்றும் படித்துப் பாருங்கள். இரண்டு வாரத்திலேயே டியூப் தீர்ந்துவிட்டால், கடைக்குப் போய் இன்னொரு டியூப் வாங்காதீர்கள். அவர்களைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.